கண்ணைக் குத்தாத வெளிச்சம்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம், கொடைக்கானலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டிய நேரத்தில் நடந்தது.

முதலில் என் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலிருந்து கூடவே இருக்கிறது. இடது கண்ணுக்குப் பின்னால் ஆரம்பித்து, பொட்டில் இடித்து, பிடரி வரைக்கும் இழுக்கும். வந்துவிட்டால் வெளிச்சமே ஆகாது. அதிலும் வெள்ளை வெளிச்சம் சுத்தமாக ஆகாது. அந்த நேரத்தில் யாராவது பிரிட்ஜைத் திறந்து அந்த வெளிச்சம் என் மேல் பட்டால்கூட, திறந்தவர் யாராக இருந்தாலும் கடித்து வைக்கலாம் போல ஆத்திரம் வரும். எங்கள் ஊரும் இதற்குத் தோதான ஊர் இல்லை. மேகம் இறங்கி, அதற்குப் பின்னால் வெயில் நின்றால் வானம் பூமி எல்லாம் வெள்ளை வெளேரென்று கூசும். டூரிஸ்ட்டுகள் கை கொட்டிப் படம் எடுப்பார்கள். நான் கண்ணைப் பொத்திக்கொண்டு சந்து சந்தாக வீடு போய்ச் சேருவேன்.

என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். வீட்டுக்குப் புதிதாகத் தளம் போட்டபோது எல்லா ரூமிலும் வெள்ளை எல்.இ.டி. மாட்டினார். கரண்ட் பில் குறையும் என்றார். குறையத்தான் செய்தது, ஆனால் என் தலைவலி கூடிப்போனது. வெகுநாள் எனக்கே காரணம் புரியவில்லை. ஒரு தடவை ஹால் விளக்கு கெட்டுப்போய், புதிது வாங்கும் வரைக்கும் என்று மூலையில் கிடந்த மஞ்சள் பல்பை மாட்டினோம். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. அப்புறம் ஒவ்வொன்றாக மஞ்சளுக்கு மாற்றினோம். நேராகக் கண்ணில் படாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். எல்லாருக்கும் இது சரிப்படுமா என்று எனக்குத் தெரியாது. டாக்டரும், உங்களுக்கு ஒத்து வந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். விருந்தாளிகள் வந்தால் படுக்கிற பின்பக்கச் சின்ன ரூமில் மட்டும் அந்த வெள்ளை டியூப் லைட்டை மாற்றவில்லை. சோம்பல்தான்.

இனி என் மதினி. என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. ஒட்டன்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் வீட்டில் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார்கள். மதினி பேசினால் நாலு லாரிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் கேட்கும். எங்கள் வீட்டு மஞ்சள் வெளிச்சத்தை முதல் தடவை பார்த்ததும், "என்னத்தா இது, எளவு வீடு கெணக்கா மங்கிக் கெடக்கு?" என்றார். என் தலைவலியைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. சோலி பார்க்க உடம்பு வணங்காதவளுக்குத் தலைதான் முதலில் வலிக்கும் என்று என் காதுபடவே ஒரு விசேஷ வீட்டில் சொன்னார். அதை நான் மறக்கவே இல்லை. அவர் வருகிறார் என்று தெரிந்தாலே எனக்கு முகம் கறுக்கும்.

அந்தக் கார்த்திகையில் அவர் நாலு நாள் ஓய்வாக இருந்துவிட்டுப் போக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வீட்டுக்காரர் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போயிருந்தார். இது நடந்த அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே பேய் மழை, காற்று. எங்கேயோ மரம் விழுந்து ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. நான் சாக்லேட் கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். அன்றைக்குக் கடையில் இன்வர்ட்டரும் கோளாறு. தலைக்கு மேலே இருந்த வெள்ளை லைட் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பில் மிஷினில் எழுத்தெல்லாம் நெளிய ஆரம்பித்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

மழையில் நனைந்துகொண்டே வந்து, வாசல்படியில் காலை வைத்ததும் மதினி முன்னாலேயே வாந்தி எடுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. எனக்கு வலி வந்து அவர் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மதினி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "இம்புட்டு நோவையா ஆத்தா ஒத்தையில தாங்கிக்கிட்டுக் கெடந்த?" என்றார்.

என்ன செய்யணும் சொல்லு என்று கேட்டார். மாத்திரை போட்டு, இருட்டில் படுத்தால் போதும், ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரக்கூடாது என்றேன்.

மதினிக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. முன்பக்க ரூமில் பெரிய கண்ணாடி ஜன்னல் என்பதால் என்னைப் பின்பக்கச் சின்ன ரூமில் கட்டிலில் படுக்கவைத்தார். ஜன்னலைச் சாத்தி, கம்பளியை இரண்டாக மடித்து ஆணி அடித்து மாட்டினார். மேலே இருந்த காற்றுத் துளைகளில் பழைய சேலையைச் சுருட்டி அடைத்தார். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில், ஊரிலிருந்து முருங்கைக்காய் கொண்டுவந்த சாக்கைத் திணித்தார். உள்ளே குகை மாதிரி இருட்டு. எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. மாத்திரை வேலை செய்ய, தூங்கிப்போனேன்.

அதற்கப்புறம் நடந்ததை அவர் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஈரத் தலையோடு படுத்த நான் தூக்கத்தில் வெடவெடவென்று நடுங்கியிருக்கிறேன். கரண்ட் இல்லாததால் ஹீட்டர் போட வழியில்லை. வெந்நீர் போடப் பின்பக்கம் வைத்திருந்த கரியை அவர் ஓர் இரும்புச் சட்டியில் போட்டுப் பற்றவைத்திருக்கிறார். புகை ஆகாது என்று அவருக்குத் தெரியும். அதனால் வெளியிலேயே வைத்து விசிறி, புகை முழுக்க அடங்கி, கரி கங்காகிச் சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுவந்து கட்டில் காலடியில் வைத்திருக்கிறார். கதவைச் சாத்தி, சாக்கை மறுபடியும் திணித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நடுவில் ஒரு தடவை அரைகுறையாக விழித்தேன். காலுக்கு இதமாக இருந்தது. ஏன் இதமாக இருக்கிறது என்று யோசிக்கவில்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை. தலை மட்டும் பாரமாக இருந்தது. வலி இன்னும் விடவில்லை மதினி என்றேன்.

"எனக்கும் தலை விண்ணு விண்ணுங்குது. ஒன் நோவு ஒட்டிக்கிருச்சு போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணயர்ந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

அப்புறம் கரண்ட் வந்தது. முன்பே ஸ்விட்சை அணைத்து வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. டியூப் லைட் என் முகத்துக்கு நேர் மேலே பளீரென்று எரிந்தது. பழக்கத்தில் கை கண்ணைப் பொத்தப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் குத்தலுக்குக் காத்திருந்தேன்.

குத்தவில்லை.

விரலை விலக்கிப் பார்த்தேன். கண்ணைத் திறந்து விளக்கையே நேராகப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. முதலில் அப்பாடா, விட்டுவிட்டது என்று நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் தலை வலித்துக்கொண்டேதான் இருந்தது. இடது பக்கம் மட்டும் இல்லை, நெற்றியைச் சுற்றித் துண்டைக் கட்டி இறுக்குவது மாதிரி தலை முழுக்க வலி. இத்தனை வருஷத்தில் தலை இந்த அளவுக்கு வலித்து, வெள்ளை வெளிச்சம் என்னைச் சும்மா விட்டதே கிடையாது. என் தலைவலியை எனக்குத் தெரியும். இது என்னுடையது இல்லை என்று தோன்றியது. மதினிக்கும் வலிக்கிறது என்றாரே என்பது உடனே நினைவுக்கு வந்தது. ஒரே ரூமில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தலைவலி எப்படி வரும்?

தலையைத் திருப்பினேன். காலடியில் சட்டி நிறையக் கங்கு. அதற்குப் பக்கத்தில் மதினி சுவரில் சாய்ந்து, தலை தொங்கி, வாய் திறந்து கிடந்தார். மதினி, மதினி என்று கூப்பிட்டேன். அசைவே இல்லை.

ரூமுக்குள் கரி மூட்டாதீர்கள், மூட்டினால் புகை தெரியாமலே விஷவாயு பரவி, தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் வேனில் ஏறுகிற ஒவ்வொரு டூரிஸ்ட்டிடமும் சொல்லுவார். குளிர்காலம் வந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் பேசுகிற பேச்சு அது. கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்த மதினியிடம் மட்டும் யாரும் சொன்னதில்லை.

கட்டிலை விட்டு இறங்கினேன். கால் நிற்கவில்லை, முழங்கால் மடிந்து விழுந்தேன். தவழ்ந்து ஜன்னலுக்குப் போய் கம்பளியை இழுத்தேன். அவர் அடித்த ஆணி அசைந்து கொடுக்கவே இல்லை. கம்பளிதான் கிழிந்தது. துருப்பிடித்த ஜன்னல் கொக்கி, மதினி அழுத்திச் சாத்தியதில் இறுகிக் கிடந்தது. தண்ணீர் வைத்திருந்த சொம்பை எடுத்துக் கண்ணாடியை உடைத்தேன். சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. அந்த ஓட்டையில் வாயை வைத்து இரண்டு மூச்சு இழுத்தேன். மதினியை விட்டுவிட்டு நான் மட்டும் மூச்சு விடுகிறேனே என்று அழுகை வந்தது. ஆனாலும் இழுத்தேன்.

அடுத்தது கதவு. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கதவு உப்பிக்கொண்டு நிலையில் இறுகிவிடும், வெளியிலிருந்து உதைத்துத்தான் திறப்போம், உள்ளே இருந்தால் இழுக்கத்தான் வேண்டும். அடியில் சாக்கு வேறு. சாக்கை உருவுவதற்குள் இரண்டு தடவை கண் இருட்டியது. சுவரில் காலை ஊன்றி, தாழ்ப்பாளைப் பிடித்துத் தொங்கினேன். திறந்துகொண்டது. மதினி நல்ல கனத்த உடம்பு. அக்குளில் கையைக் கொடுத்து, எந்தச் சாமி பெயரைச் சொன்னேன் என்று நினைவில்லை, ஹால் வழியாக வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து மழையில் போட்டேன். போட்டுவிட்டுக் கத்தினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கேரட் போடுகிற விவசாயி. பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். ஓடிவந்தவர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். "கரியா? பேசிக்கிட்டு நிக்காத, வெரசாத் தூக்கு" என்று மட்டும்தான் சொன்னார். பிக்கப்பில் ஆஸ்பத்திரி போகிற வழி முழுக்க மதினி முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் பாதி திறந்தது, ஆனால் என்னை யாரென்று தெரியவில்லை. தம்பி வீட்டுக்கு ஓய்வெடுக்க வந்தவரைப் பிணமாக அனுப்பப் போகிறோமா என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள், எனக்கும் வைத்தார்கள். வரிசையாக வெள்ளை விளக்குகளுக்குக் கீழேதான் படுத்திருந்தேன். பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். விளக்கு கண்ணைக் குத்தவில்லை டாக்டர் என்றேன். உளறுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, நாடி பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மதினிக்கு நினைவு தெளிந்தது. மாஸ்க்கை விலக்கி முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "சட்டியில கங்கு கெடந்துச்சே, அணைச்சியா? கட்டில்ல தீப் பிடிச்சிறப் போகுது." நான் அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அடித்துப் பிடித்து வந்து சேர்ந்த என் வீட்டுக்காரரிடம், "பொகையே இல்லடா தம்பி, பாத்துத்தான வச்சேன்" என்று மதினி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் யாரையும் திட்டவில்லை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

மதினி நல்லபடியாக ஊர் திரும்பினார். இப்போதெல்லாம் யாராவது என் வலிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், இருட்டு வேண்டும் என்பதோடு நிறுத்த மாட்டேன், காற்றும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். ஆனால் என் மனசில் நிற்பது வேறு. என் வலியைப் பொய் என்றே நினைத்திருந்தால் மதினி அன்றைக்கு ஹாலில் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார், அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. என்னை நம்பியதால்தான் அந்த ரூமுக்குள் வந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சாகக் கிடந்தார் என்று நினைக்கும்போதெல்லாம், விசேஷ வீட்டில் அவர் சொன்ன ஒரு சொல்லை அத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த என் மனசை நினைத்து எனக்கே கூச்சமாக இருக்கிறது.