தேன்பருந்து இறங்கிய மலை

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கடைசி மலை ஒரு சதுப்பில் போய் முடிகிறது. சதுப்புக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், இரவல் கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் விடியற்காலையில் அந்தக் காட்டோரத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் வழியில் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

"என்னாடி, குருவிகளுக்குப் பெரட்டுக் கூப்புடப் போறியா?"

"பெரட்டுக்கு வராத குருவிய என்னா செய்வ, வீட்டுக்குத் தொரத்திருவியா?"

அவர்களோடு சேர்ந்து அம்மாவும் சிரிப்பாள்.

அன்று அவர்களுக்குக் கடைசி மலையில் வேலை. மலையோரத்துப் பெரிய மரத்தில் அண்டா அளவுக்குக் குளவிக்கூடு தொங்கியது. அதன் கீழே பறிக்கும்போது யாரும் கத்தக்கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த சட்டம். கையாட்டித்தான் பேசிக்கொள்வார்கள். நான் இருந்த காட்டோரத்திலிருந்து பார்த்தபோது பச்சைக்குள் தலைத்துண்டுகள் மட்டும் நகர்ந்தன.

முதலில் நிழல் தெரிந்தது. பிறகு பறவை. புறாவுக்கு இருப்பது போல் சின்னத் தலை, நீண்ட கழுத்து. தேன்பருந்து! எங்கள் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் இந்தப் பக்கத்திலிருந்து அதை ஒருவரும் போட்டதில்லை. கிளையில் உட்கார்ந்து கூட்டைப் பார்த்தது, அமுக்கினேன். கூட்டின்மேல் கால் வைத்தது; அமுக்கினேன். அடையைப் பிய்த்தது, அமுக்கினேன்.

தேன்பருந்து குளவிக்கூட்டைப் பிய்த்து உள்ளிருக்கும் புழுவைத் தின்னும் என்று படித்தவள் அந்த மலையில் நான் ஒருத்திதான். கொட்டு ஏறாதபடி அதன் முகத்து இறகு செதில் செதிலாக இருக்கும் என்பதும் தெரியும். கீழே நிற்பவர்களின் முகம்? ஏழாவது படத்துக்குப் பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் பதறி ஓடுவார்கள். ஓடுகிறவர்களைத்தான் குளவி துரத்தும். வாயை மூடிக்கொண்டு சதுப்பில் இறங்கினேன். முழங்கால்வரை சேறு. ஒரு செருப்பு அங்கேயே போயிற்று. இடையிடையே மரத்தைப் பார்த்தேன். பருந்து இன்னும் பிய்த்துக்கொண்டிருந்தது.

மலையில் ஏறியதும், வேலையை மேற்பார்த்து நின்ற கங்காணி என்னைக் கண்டு பல்லைக் கடித்தார். "இப்புடித் தடதடன்னு ஓடியார, மேல கூடு இருக்கிறது தெரியாதா?"

"மாமா, பருந்து கூட்டப் பிய்க்குது. எல்லாரையும் படுக்கச் சொல்லுங்க."

"பருந்து கோழியத் தூக்கும். குளவிக்கூட்ட என்னாத்துக்குப் பிய்க்கப் போவுது? போ புள்ள."

அம்மாதான் நிமிர்ந்து பார்த்தாள். அடைத் துண்டொன்று அவளுக்கு முன்னால் செடிமேல் விழுந்தது. அவள் கையை உயர்த்தித் தாழ்த்தினாள். வரிசை முழுவதும் கூடைகளைக் கழற்றிவிட்டுத் தேயிலைக்கு அடியில் சரிந்தது. இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணிகள் தலைக்கு ஏறின. என்னிடம் படங்கு இல்லை. அம்மா என் பிடரியைப் பிடித்து அமுக்கித் தன்னுடையதை என்மேல் போட்டாள். அது ஓர் ஆளுக்குத்தான் காணும்.

இரைச்சல் மழைபோல இறங்கியது.

"அசையாத," என்றாள். என்மேல் கவிழ்ந்திருந்த அவள் உடம்பு திரும்பத் திரும்பத் துள்ளியது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு கொட்டுத்தான். அம்மாவுக்கு எண்ண முடியவில்லை. மூச்சு இழுத்தது. "இனிப் பயமில்ல" என்று டாக்டர் சொல்ல மத்தியானம் தாண்டிவிட்டது.

"ஒம்மக கண்ணுல படலேன்னா இன்னைக்கு எங்க கத முடிஞ்சிருக்கும்," என்றார் பக்கத்துக் கட்டில் அக்கா. கங்காணியும் வந்து கதவோரம் நின்று தலையாட்டினார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு ஒரு கண்தான் திறந்தது. "பாத்த ஒடனே ஓடியாந்தியா?"

"இல்லம்மா. ஏழு படம் புடிச்சேன். அப்புறந்தான் வந்தேன்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அம்மா வீங்கிய கையை நீட்டினாள். கேமராவைக் கொடுத்தேன். ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மொதப் படத்தோட வந்திருக்கலாம்ல," என்றாள்.