கோணல் சிரிப்புக்கு இங்கிலீசு

இந்த வயதில் கண்ணாடி முன் நின்று ஏளனமாகச் சிரித்துப் பழகினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கைப்பேசி தினம் ஒரு ஆங்கில வார்த்தை அனுப்புகிறது. இன்றைக்கு ‘ஸ்மர்க்’. உதட்டை மூடி, ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, ‘உன்னைத் தெரியாதா எனக்கு’ என்கிற மாதிரிச் சிரிப்பது. வீட்டில் வேறு முகம் கிடையாது. என்னிடமே செய்து பார்த்தேன். பொருந்தவில்லை.

கன்னத்தில் ஷேவிங் சோப்பு. அந்த வாசனை சூரமங்கலத்துக்கு இழுத்துப் போய்விட்டது. அங்கே ஒரு சலூனுக்கு மேல் மாடியில்தான் எங்கள் இங்கிலீஷ் வகுப்பு. பேசக் கற்றுக்கொண்டால் வேலை ஓடிவரும் என்று நம்பிய காலம். தினம் ஒரு வார்த்தை; அதை வகுப்பில் யாரையாவது காட்டிச் சொல்ல வேண்டும். அது சார் போட்ட சட்டம்.

கலாமணி சங்ககிரிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைப் பார்த்தால் வாயைத் திறக்காமல் ஓரமாக ஒரு சிரிப்பு. அதற்காகவே நான் சீக்கிரம் போய் உட்கார்ந்திருப்பேன். ‘ஸ்மர்க்’ வந்த அன்று என் முறை. அவளைக் காட்ட ஒரு சாக்குக் கிடைத்த குஷி. அர்த்தத்தைப் பற்றி யார் யோசித்தார்கள்? எழுந்து கையை நீட்டி, “கலாமணி ஸ்மர்க்ஸ்” என்றேன். “வெரி குட்” என்றார் சார். வகுப்பே சிரித்தது, அவளைத் தவிர.

மறுநாள் அவள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். எங்கள் வகுப்பிலேயே படித்த அவள் ஊர்க்காரன் செங்கோடன் டீக்கடையில் சொன்னான்: “ஏனுங்க, எங்கூரு போர்த் தண்ணிக்குப் பல்லு பூராக் காவி புடிச்சுக்குமுங்க. அந்தப் புள்ள அதை மறைச்சுட்டுச் சிரிக்குது. நீங்க அதுக்கு இங்கிலீசுல பேரு வெச்சுட்டீங்க.”

அவனும் வாயை அதிகம் திறக்காமல்தான் பேசுவான் என்பதை அன்றுதான் கவனித்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாரித்தேன், அதையும் இங்கிலீஷில். அது தேறுவதற்குள் அவள் வகுப்பையே விட்டுவிட்டாள்.

சலூன் இப்போது ஏசி போட்டுக்கொண்டது. மாடியில் செல்போன் கவர் குடோன். கலாமணி ஊருக்குக் காவிரித் தண்ணீர் வந்துவிட்டதாம். பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கிறார்கள். அந்த மூடிய சிரிப்பு போயேபோய்விட்டது. நல்லதுதான். ஆனால் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

இன்று காலையிலேயே செங்கோடனைப் போனில் கூப்பிட்டு, அவளைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னேன். சாயங்காலமே பேசினான்.

“சொன்னனுங்க. அந்த வார்த்தை இன்னும் ஞாபகமிருக்குதாமுங்க. உங்களையத்தான் ஆருன்னு தெரியலையாம்.”