பாதி வெட்டு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், வளைவைத் தாண்டி ஏழு புளியமரங்கள் மிச்சம் இருந்தன. சாலையை அகலப்படுத்த அவற்றை வெட்டப்போவதாக அறிவிப்பு வந்ததும் எழில்மதி பச்சையம்மாளைத் தேடி வந்தாள். அந்த வட்டாரத்துச் சாலை மரங்களின் வரலாறு எழில்மதியின் ஆய்வு. எந்தப் பஞ்சத்துக்குப் பிறகு நட்டார்கள், யார் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றினார்கள், மரம் போன இடத்தில் கிணறுகள் என்ன ஆயின என்று ஆவணக் காப்பகத்தில் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு மட்டும் அங்கே பதில் இல்லை. எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது இந்தச் சாலையின் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். இந்த ஏழும் எப்படித் தப்பின?

"மரத்த வெட்டறதப் பத்திக் கருத்துக் கேக்கற கூட்டத்துல நீங்க வந்து பேசுனா போதும்மா. இந்த மரத்த வச்சித்தான் பொழச்சேன்னு சொல்லுங்க."

பச்சையம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். "அத்த சொல்றதுக்கு இன்னா," என்றாள். கை நிற்கவில்லை.

மரங்கள் தப்பிய விதத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு நிலம் கிடையாது. கொளஞ்சியப்பனைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து கரும்பு வெட்டும் புளி உலுக்கலும்தான் பிழைப்பு. ஏலம் எடுத்தவர் வளைவு மரங்களை, காயில் பங்கு என்று, இவர்களிடம் வாரத்துக்கு விடுவார். அப்போது எட்டு மரங்கள். கொளஞ்சியப்பன் மேலே ஏறிக் கிளை நுனிவரை போய் நின்று உலுக்குவான். அவள் கீழே பொறுக்குவாள். முருங்கை ஆளைக் கொல்லும், புளி வளையுமே தவிர ஒடியாது என்பான். சாப்பாட்டுத் தூக்கையும் மேலேயே கட்டிக்கொள்வான்.

அந்தப் புரட்டாசியில் வீட்டுக்கு ஓர் ஆள் கோடரியோடு வரவேண்டும் என்று ஊரில் முடிவானது. படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்பது கொளஞ்சியப்பனுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

"நானும் வர்றேன். மரம் இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டான்.

"மரம் வுழுந்தாத்தான் பஸ்சு நிக்கும். பஸ்சு நின்னாத்தான் மெட்ராசுக்குக் காது கேக்கும். நீ இன்னா, மரத்துக்கு மாமனா மச்சானா?" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

வளைவு மரங்களைத் தானே வெட்டுவதாக அவன் முன்வந்தான். வேறு எவனாவது வெட்டினால் முழுதாக வெட்டிவிடுவான். வயல் பக்கமாக அடிமரத்தில் பாதிவரை கோடரியை இறக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான். கயிறு கட்டி இழுத்தால் விழுந்துவிடும் என்று சொல்லிவைத்தான். எட்டாவது மரத்திலும் பாதி இறங்கியபோது போலீஸ் வண்டி வந்தது. கயிறு வரவில்லை. எல்லோரும் கரும்புக்குள் சிதறினார்கள். கொளஞ்சியப்பன் மலையேறி, கரும்பு வெட்டில் பழக்கமான ஒருவர் வீட்டில், கரியாலூர்ப் பக்கம் பதுங்கினான்.

போகும்போது பச்சையம்மாளிடம் ஒன்றுதான் சொன்னான். "சாணியும் செம்மண்ணும் கொழச்சி அப்பிடு. புள்ளைக்கு மருந்து வைக்கிற மாதிரி வை."

அவள் அப்பினாள். பழம்புடவையைக் கிழித்துக் கட்டினாள். கிளை கழித்த மரத்துக்கு அப்படிச் செய்துதான் அவர்களுக்குப் பழக்கம். பொங்கலுக்கு முன் சாலைக்காரர்கள் வந்து மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்தார்கள். வெட்டு வெளியே தெரியவில்லை.

அடுத்த வருடம் எட்டு மரங்களிலும் பூ கொட்டியது. கடைசி மரத்தில் இலை தெரியாமல் காய். வழக்கு அடங்கி ஊர் திரும்பியிருந்த கொளஞ்சியப்பன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

"தேறிடுச்சுடி. காய்ச்சல் வுட்டவன் சோறு கேக்கற மாதிரி காய்ச்சிக்கினு கீது பாரு."

சாகப்போகும் மரமும் அப்படித்தான் காய்க்கும் என்பது இருவருக்கும் தெரியாது. மாசியில் அவன் ஏறினான். கிளை ஒடியவில்லை. மரமே அடியோடு சாய்ந்தது, அவனோடு. பச்சையம்மாள் கையில் முறம் இருந்தது. காற்று அடித்ததா என்று விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். இலை அசையாத மத்தியானம் அது. அடித்தது என்றாள். வெட்டைப் பற்றிச் சொன்னால் செத்தவன்மேல் வழக்கு வரும், கூட இருந்தவர்கள்மேலும் வரும்.

அதற்குப் பிறகு அந்த மரங்களில் யாரையும் ஏற விடவில்லை. அவன் ஆவி மேலே இருக்கிறது என்று அவளே கிளப்பிவிட்டாள். ஊர் நம்பியது. உதிர்ந்ததை மட்டும் பொறுக்கி இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள்.

கொளஞ்சியப்பனின் தம்பி தெய்வசிகாமணி முதல் மரத்தடியில் டீக்கடை போட்டபோது மண்ணை வாரித் தூற்றினாள். அவன் கடையை எடுக்கவில்லை. மழைக்காற்று அடிக்கும் நாட்களில் மட்டும் போய், கடையை மூடு என்று சண்டை பிடிப்பாள். வியாபாரம் பொறுக்காத பொம்பளை என்றார்கள்.

கூட்டத்தன்று தெய்வசிகாமணிதான் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

"அண்ணி, நல்லா அழுது பேசுங்க. மரம் போச்சுன்னா கடையும் போச்சு. ஆயுசுக்கும் ஒங்களுக்கு டீ ஃப்ரீ."

"ஒன் டீயக் குடிச்சா ஆயுசு எங்கடா இருக்குது?"

எழில்மதி நன்றாகப் பேசினாள். எல்லா மரங்களும் இருந்த காலத்துப் படத்தையும் இப்போதைய படத்தையும் காட்டினாள். மரம் போன பக்கத்தில் மண் எப்படிச் சூடேறியது, கிணறுகள் எந்த வரிசையில் வற்றின என்று சொன்னாள். ஒரு போராட்டத்தையே தாண்டி நின்ற மரங்கள் இவை என்று முடித்தாள். பச்சையம்மாளைக் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை. என்ஜினீயர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாலையை மேற்கே தள்ளலாம் என்றார். "மரத்தடியிலயே பஸ்ஸுக்கு நிழற்குடையும் கட்டிடலாம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க நிக்கும்."

கை தட்டினார்கள். தெய்வசிகாமணி விசிலடித்தான்.

பச்சையம்மாள் எழுந்தாள். "அங்க கட்டாதீங்க."

"ஏம்மா?"

"என் வூட்டுக்காரரு பாதி வெட்டிட்டுப் போனது அது. ஏழும். நாந்தான் மண்ணு அப்பி மறச்சேன். எட்டாவது அவுரு மேலயே வுழுந்துச்சு."

எழில்மதி கையிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்தாள். அவள் தேடிய பதில் அதுதான். கூட்டம் முடியும் முன்பே, ஆபத்தான மரங்கள் என்று எழுதிக்கொண்டார்கள்.

மரங்களை வெட்டிய அன்று பச்சையம்மாளும் எழில்மதியும் போய் நின்றார்கள். முதல் மரத்தின் அடி உள்ளே பொக்கையாக இருந்தது. கரையான் மண் கொட்டியது. மற்ற ஆறிலும் மெஷின் வாள் திணறியது. அறுத்த முகத்தில் கோடரி இறங்கிய இடம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. முப்பது வருடமாக மரம் அதைச் சுற்றி வளர்ந்து முழுதாக மூடியிருந்தது.

"வுழும்னு எவன் சொன்னான்? இரும்பாட்டம் கீது," என்றான் அறுத்தவன்.

பிரித்த கடையின் தகரங்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்த தெய்வசிகாமணி திரும்பினான். "எங்க அண்ணன் பாதி வெட்டுனான். அண்ணி மீதிய முடிச்சிட்டாங்க. நல்ல குடும்பம்."

அறுத்த முகங்களில் மரத்தூளைத் துடைத்துத் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த எழில்மதியின் பக்கத்தில் பச்சையம்மாள் போய் நின்றாள்.

"அந்தப் பொக்கை மரத்துக்குக் கீழதான புள்ளைங்க நிக்க எடம் கட்டறதா இருந்தாங்க?"

எழில்மதி நிமிர்ந்தாள்.

"எந்த மரம்னு அவங்க சொல்லலம்மா."