நான் நேராக்கிய முன்பற்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்ரஹாரத்தில் கிளாரினெட் கச்சேரி. வாசிக்கவிருந்த சம்பத் சாரை அறிமுகப்படுத்தியவர், சார் இளமையில் ஜாஸையும் கர்நாடக இசையையும் கலந்து வாசித்தவர், பக்குவம் வந்ததும் ஜாஸை உதறிவிட்டு மரபுக்குத் திரும்பினார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அவர் எதையும் உதறவில்லை. ஜாஸ் அவரைவிட்டுப் போனதற்குக் காரணம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான்.

நான் பல் செய்கிறவள். டிப்ளமா முடித்ததும் தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில் ஒரு மாடி லேபில் சேர்ந்தேன். கீழே மார்க்கெட்டின் மல்லிகை, மேலே உருகும் மெழுகு. இன்றும் பூ வாங்கினால் எனக்கு மெழுகு வாசம்தான் வருகிறது. பட்டியல் போடாமல் நான் தலைகூட வாரமாட்டேன் என்று வீட்டில் கிண்டல். லேப் சுவரிலும் ஒன்று ஒட்டியிருந்தேன்: அச்சு வார்ப்பது, மெழுகில் செதுக்குவது, பீங்கான் ஏற்றுவது, மெருகிடுவது, அனுப்புவது, அச்சை உடைத்துப்போடுவது. அலமாரியில் இடமில்லாததால் கடைசி வேலையை நானே சேர்த்தேன்.

விரிசல் விட்ட மேல் முன்பற்கள் இரண்டுக்குப் பீங்கான் கேப் வேண்டுமென்று, அவற்றைச் சீவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிளாஸ்டர் அச்சுகள் டாக்டரிடமிருந்து வந்தன. சீட்டில் பெயரும் பல்லின் நிறமும்தான். முதல் அச்சில் பற்களின் நுனியில் பிறை மாதிரி ஒரு தேய்மானம். பென்சில் கடிக்கிற ஆள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து நேராக்கிவிட்டேன். அழகாக வந்ததென்று போட்டோ வேறு எடுத்தேன், புதுப் பற்களை மட்டும்.

பத்து நாள் கழித்து அந்தப் பற்களுக்குரிய சம்பத் சாரே கிளாரினெட் பெட்டியோடு படியேறி வந்தார்.

“கண்ணாடில பாத்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்மா. ஊதினா வேற யாரோ ஊதற மாதிரி இருக்கு.”

வாசித்துக் காட்டினார். காற்று ஓரத்தில் கசிந்து, சுரம் கீச்சிட்டது. மேல்பல் ஊதும் முனையின்மேல் அழுந்தி உட்கார வேண்டுமாம். பல வருஷம் உட்கார்ந்து தேய்ந்த இடம் அது. அதில் ஊன்றித்தான் அவர் தாடையை அசைப்பாராம். மறுவாரம் பெங்களூரில் ஜாஸ் குழுவோடு நிகழ்ச்சி.

“பழைய அச்சு இருக்குல்ல? அதப் பாத்து ஸ்வல்ப தேச்சுக் குடு, ஆயிடும்” என்றார், டெய்லரிடம் சட்டையைப் பிடிக்கச் சொல்வதுபோல.

அதை அன்று காலைதான் உடைத்திருந்தேன். குப்பை மூட்டையைக் கொட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துண்டுகள். எது யாருடைய பல் என்றே தெரியவில்லை. கேப்புக்காகச் சீவிவிட்ட பல்லிலிருந்து அந்தத் தேய்மானத்தை மறுபடி அச்செடுக்கவும் முடியாது என்று அவரிடம் சொன்னேன். அவர் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்து மூடினார்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் டாக்டர் கழற்றித் தர, நான் தேய்த்துத் தர, மறுபடி மாட்டிக்கொண்டு அவர் ஊத, பதினோரு தடவை. ராகம் வந்துவிட்டது, அதன் வளைவுகளை அவர் விரல்கள் துளைகளில் செய்தன. ஜாஸில் ஒரு சுரத்திலிருந்து சிரித்துக்கொண்டே கீழே விழுவாரே, அந்தச் சறுக்கல் தாடையின் வேலை. அது வரவில்லை. இதற்குமேல் பீங்கான் தாங்காது என்றார் டாக்டர்.

சம்பத் சார் என் எதிரிலேயே பெங்களூருக்குப் போன் செய்தார்.

“இல்லப்பா, நான் வரல. ஜாஸ் போதும்னு தோணிடுச்சு. இனிமே கச்சேரி மட்டும்தான்.”

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கிளினிக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த லேப் இருந்த மாடியில் இப்போது துணிக்கடை. பிளாஸ்டரும் இல்லை, மூட்டையும் இல்லை. வாய்க்குள் சின்ன கேமரா விட்டுப் பல்லைத் திரையில் எடுக்கிறோம். எதையும் நான் அழிப்பதில்லை. இந்த ஊரில் பாதிப் பேரின் பற்கள், தேய்மானம் உட்பட, என் கணினியில் பெயர் வரிசையில் இருக்கின்றன. அவருடையது இல்லை.