மேடையை விட்டு இறங்கிய போதகர்

ஆராதனை முடிந்ததும் போதகர் எரேமியா ஜெபவீட்டு வாசலில் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவரின் கையையும் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்வார். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. சில வருஷங்கள் போனதும் இடது கை மெல்ல விலகிக்கொண்டது. பிறகு அது கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது. வலது கை மட்டும் நீளும், தொடும், அடுத்தவரிடம் போய்விடும். சபையில் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்சீனியா கவனித்தாள். பெண்கள் பக்கம், கணப்படுப்பை ஒட்டிய கடைசிப் பலகை அவளுடையது. எல்லாரும் போன பிறகு சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். எரேமியா அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

நாலு பேர் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. அம்மா படுக்கையில் விழுந்தபோது ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் புகையிலைத் தோட்டத்துக்குப் போனவள். தம்பியைப் படிக்க வைத்தாள். அவன் லியூபாவைக் கட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போனான், அவள் பழைய வீட்டிலேயே இருந்துவிட்டாள். சபையார் அவன் தலைமேல் கைவைத்து ஜெபித்துப் போதகராக்கிய நாளிலிருந்து, வீட்டுக்குள் அவன் அவளுக்குத் தம்பி, தெருவில் பாஸ்டர்.

வலேனி கிராமத்துச் சபையோடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த இரண்டு சிறிய சபைகளையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு வருஷமும் சிலர் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் பெட்டி கட்டினார்கள். மிஞ்சியவர்கள் வயதானவர்கள். ஒருத்தி வீட்டில் கிணற்று மோட்டார் ஓடாது, இன்னொருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், யாருக்கோ குளிருக்கு விறகு பிளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் எரேமியாவின் பழைய வேன்தான் போகும். சவ அடக்கங்களுக்கும் அதே வேன்தான்.

மாதம் ஒருமுறை சொரோகா நகரத்தில் கிராமத்துப் போதகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் அனத்தோல், தலைநகரத்திலிருந்து வருகிற நல்ல மனிதர். சபையில் உதவிக்கு ஆள் எப்படித் தயார் பண்ணுவது, போதகர் தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்றெல்லாம் சொல்லித்தருவார். அங்கே சமையல் அக்சீனியாவுக்கு. கோழிச் சாறு கொதிக்கும்போதும் சோளமாவுக் களியைக் கிளறும்போதும் கதவு இடுக்கு வழியாக எல்லாம் காதில் விழும்.

"உங்க சபை எப்படி இருக்கு?" என்று அனத்தோல் ஒவ்வொருவராகக் கேட்பார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நல்லாருக்கு ஐயா."

"ஸ்தோத்திரம். நல்லாருக்கு."

"நம்ம சபைல நாலு கிழவிங்களும் ஒரு பூனையும் ஐயா. பூனை மட்டும் ஒரு வாரங்கூடத் தப்பாம வருது," என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். எரேமியாவும் சிரிப்பான். தன் முறை வந்தால் அவனும் ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்துவிடுவான். சாப்பாட்டு நேரத்தில் தம்பியின் தட்டைத் திருப்பி எடுக்கும்போது அதில் பாதி அப்படியே இருக்கும்.

திராட்சை அறுப்பு முடிந்த வாரம் அவன் அவள் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா, வேதத்தைத் திறந்தா எழுத்து தெரியுது, உள்ள ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. போன வருஷம் இங்க பண்ண அதே பிரசங்கத்தைப் போன வாரம் மறுபடியும் பண்ணேன். யாருக்கும் தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுது," என்றாள் அவள்.

அவன் சிரிக்கவில்லை. "லியூபாவோட அண்ணன் ஜெர்மனில, ப்ரெமன்ல, கிட்டங்கில சரக்கு எறக்கற வேலைக்கு ஆள் கேக்கறான். பனி விழறதுக்குள்ள போயிடலாம்னு இருக்கேன்."

"சபை?"

"சபை, சபை! நான் செத்தாலும் விறகு யாரு பிளப்பான்னுதான் கேப்பாங்க போல. நீயும் அதையே கேளு."

"நான் விறகைக் கேக்கலடா. நீ போனா ஜெபவீட்டுக் கதவைப் பூட்டிருவாங்க. மூணு ஊரும் போயிடும்."

"யார்கிட்டயும் சொல்லாத, என்ன?"

அவள் தலையாட்டினாள். அந்த மாதத்துப் பயிற்சி வகுப்பு வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குத் தட்டு கொடுக்க அனத்தோல் சமையலறைக்குள் வந்தபோது, கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"ஐயா, வலேனி பாஸ்டர் நல்லாருக்குன்னு சொன்னார்ல. நல்லால்ல."

அனத்தோல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சகோதரி," என்றார். "அவர் ஓடிப்போக வேண்டாம், கொஞ்ச நாள் உக்காந்தாப் போதும்."

குளிர்காலம் முழுக்க எரேமியாவுக்கு ஓய்வு, பயிற்சிக்கு வருகிற மற்ற போதகர்கள் முறைவைத்து மூன்று ஊருக்கும் வந்து பிரசங்கம் செய்வார்கள் என்று ஏற்பாடானது. எரேமியா அக்காவிடம் கோபித்துக்கொண்டு பல நாள் பேசவில்லை. ஆனாலும் ஓய்வுக்குச் சம்மதித்தான். ப்ரெமன் பேச்சும் தள்ளிப்போனது. அக்சீனியா நிம்மதியாகத் தூங்கினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேறு ஊர்ப் போதகர் மேடையில் உட்கார்ந்திருந்தார். எரேமியா உள்ளே வந்து, மேடைப் படியைத் தாண்டி நடந்து, ஆண்கள் பக்கம் கடைசிப் பலகையில் உட்கார்ந்தான். ஊழியம் செய்யாதவனுக்கு மேடையில் என்ன வேலை என்று அவன் நினைத்திருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் அக்சீனியாவுக்குச் சுரீரென்றது. அந்தச் சபையில் ஊழியக்காரன் மேடையிலிருந்து இறங்கிக் கீழே உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாவத்தில் விழுந்தான், மேலிடத்துப் போதகர்கள் அவனை ஒழுங்கு நடவடிக்கையில் வைத்திருக்கிறார்கள். முன்னொரு காலத்தில் குடியில் விழுந்த ஒரு மூப்பர் அதே பலகையில்தான் ஒரு வருஷம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அனத்தோல் நகரத்துக்காரர், இது அவருக்குத் தெரியாது. தெரிந்த அக்காவுக்கும் தம்பிக்கும் முன்கூட்டியே தோன்றவில்லை. வந்த போதகர், "உங்கள் போதகருக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொன்னது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று.

"என்ன பண்ணிட்டாராம்?" என்று கிணற்றடியில் மற்ற சபைப் பெண்களிடம் வெரோனா கேட்டாள்.

"பணமா இருக்குமோ?"

"பணம் எங்கடி இருக்கு நம்ம சபைல? வேற ஏதாவதா இருக்கும்."

"பாவம் லியூபா."

அக்சீனியா வாளியோடு வருவதைப் பார்த்ததும் பேச்சு வானிலைக்குத் தாவியது. இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தண்ணீரை மொண்டுகொண்டு வந்துவிட்டாள். தம்பியிடமாவது சொல்லலாமென்றால் அவன் இன்னும் முகம் கொடுக்கவில்லை. ஊரில் யாரும் எரேமியாவிடம் நேரில் கேட்கவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் அவனுக்காக உருக்கமாக ஜெபம் செய்தார்கள்.

அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்து ஞாயிறு வந்தது. சபையின் உதவிக்காரரான பெரியவர் கெராசிம் அப்பத் தட்டை ஏந்தி ஆண்கள் பக்கம் வரிசையாக வந்தார். முன்வரிசை, நடுவரிசை, கடைசி வரிசை. எரேமியா கையை நீட்டினான். கெராசிம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, தட்டைச் சற்று உயர்த்தி, அவனைத் தாண்டி அடுத்தவரிடம் போனார். நடவடிக்கையில் இருப்பவருக்கு அப்பம் கிடையாது. கெராசிம் முறைப்படிதான் செய்தார். அவர் உதடு துடித்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து அக்சீனியா பார்த்தாள். தம்பியின் கை நீட்டியபடியே நின்றதையும் பார்த்தாள்.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"கெராசிம் அண்ணே," என்றாள். குரல் நூலிழையாக வந்தது. "பாஸ்டரை விட்டுட்டுப் போறீங்க."

தலைகள் திரும்பின.

"அவர் பாவம் எதுவும் செய்யல. களைச்சுப்போயிட்டாரு. அவ்வளவுதான். நம்மளைத் தூக்கித் தூக்கிக் களைச்சுப்போயிட்டாரு."

கெராசிம் நின்றார், திரும்பி வந்தார். தட்டைத் தாழ்த்திப் பிடித்தார். எரேமியா அப்பத்தைப் பார்த்தான், எடுக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்று மத்தியானம் கெராசிம் அவன் வீட்டுக்கு வந்தார். அக்சீனியாவும் அங்கே இருந்தாள். பெரியவர் நாற்காலியில் உட்காராமல் கதவருகிலேயே அழுதார்.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட நேரா வந்து ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?" என்றான் எரேமியா.

"நீங்க மட்டும் சொன்னீங்களா பாஸ்டர்?" என்று கெராசிம் மூக்கைத் துடைத்தபடி கேட்டார். "எப்பக் கேட்டாலும் ஸ்தோத்திரம் நல்லாருக்கேன்னுதானே சொன்னீங்க? திடீர்னு எறங்கி அந்தப் பலகைல வந்து உக்காந்தா நாங்க வேற என்னன்னு நெனக்கிறது? திருவிருந்தை நெனச்சு நான் மூணு நாளாத் தூங்கல. நானா உங்களைத் தாண்டிப் போவேன்? காலு வரல எனக்கு."

லியூபா பெரியவருக்குத் தேநீர் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அனத்தோல் நேரில் வந்தார். எரேமியாவை மேடையில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஓய்வு என்றால் என்ன, யார் கேட்டது, எதற்கு என்று சபைக்கு விளக்கினார். தவறு தன்னுடையது என்றும் சொன்னார். கிழவிகள் விம்மினார்கள். வெரோனா அவனுக்கு ஒரு பானை நிறைய ஊறுகாய்த் தக்காளி கொண்டுவந்து கொடுத்தாள். எரேமியா வாங்கிக்கொண்டான். ஆனால் முகம் தெளியவில்லை. எந்த வாசலில் நின்றாலும், தட்டு தன்னைத் தாண்டிப் போனதே தெரிகிறது என்று லியூபாவிடம் சொல்லியிருக்கிறான்.

எரேமியா இப்போது வலேனியில்தான் இருக்கிறான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பிரசங்கிக்கிறான். மற்ற வாரம் கெராசிம் தட்டுத் தடுமாறிப் பேசுகிறார். விறகை இப்போது முறைவைத்துப் பிளக்கிறார்கள். அக்கரை ஊர் ஒன்றின் ஜெபவீடு பூட்டிக் கிடக்கிறது. ப்ரெமனிலிருந்து மைத்துனன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எரேமியா வரமாட்டேன் என்று அவனிடம் சொல்லவில்லை. அக்சீனியா சொரோகாவில் சமைக்கிறாள். சபையில் அதற்குப் பிறகு அவள் வாய் திறந்ததில்லை.