கரண்ட் போனதும் கிடைத்த செயற்கைக்கோள்

யாங்கோனில் கிணறு தோண்டித் தரும் ஒரு தொண்டு அமைப்பில் கணினி வேலை பார்த்துவந்தேன். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும், அடி தாங்கும் மடிக்கணினி ஒன்றில், இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸை இயங்க வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான்காம் நாள் மாவ்பி ஊரில் கிணறுகளின் இடங்களைக் குறிக்க அதை எடுத்துப்போக, எங்கள் களப்பணியாளர் கோ முருகன் காத்திருந்தார்.

மூன்று நாளாக மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்த்தும் ஒரு செயற்கைக்கோள்கூடச் சிக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, லினக்ஸைப் புதிதாக ஏற்றத் துணிந்தேன். அதிலிருந்த பழைய கிணற்றுப் பதிவுகளுக்கு நகல் எடுக்கவும் தோன்றவில்லை. மின்சாரத்தில் ஓடும் சிடி டிரைவை இணைத்துப் பொத்தானை அழுத்தப் போனபோது மின்சாரம் போய், டிரைவ் அணைந்துவிட்டது.

“புழுங்குது மா லட்சுமி, மேல போயி உக்காருவோம்” என்றார் கோ முருகன். இங்கே பெயருக்கு முன்னால் ஆணுக்குக் ‘கோ’வும் பெண்ணுக்கு ‘மா’வும் மரியாதைக்குச் சேர்ப்பார்கள்.

மொட்டைமாடியில் உட்கார்ந்து, பேட்டரியில் ஓடிய மடிக்கணினியில் பழைய லினக்ஸையே மறுபடி திறந்தேன். ஐந்து நிமிடத்தில் திரையில் எண்கள் ஓடின. நாங்கள் இருக்கும் இடம் அப்படியே தெரிந்தது! மென்பொருளில் குறையே இல்லை. அலுவலகத்தின் கான்கிரீட் கூரைதான் செயற்கைக்கோள் சிக்னலை மறைத்திருக்கிறது.

“லாபி! லாபி!” என்று பர்மியமொழியில் கத்தினேன். ‘வந்தாச்சு’ என்று அர்த்தம். மின்சாரம்தான் வந்துவிட்டதென்று அக்கம்பக்கத்தார் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடினார்கள்.

“கரண்டு எங்கம்மா வந்திச்சி?” என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார்.

“வானத்துல வந்திருக்கு அக்கா!” என்றார் கோ முருகன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இப்போதெல்லாம் எந்த ஜிபிஎஸ் கருவியையும் முதலில் திறந்தவெளியில் பத்து நிமிடம் வைத்துப் பார்க்கிறேன். பிறகுதான் மென்பொருளைத் தொடுகிறேன், அதுவும் நகல் எடுத்துவிட்டு.

— லட்சுமி, யாங்கோன்