போஸ்டிங் மேடமும் சிவப்பு நூல் மூட்டைகளும்

இரண்டு சிமென்ட் தொட்டி, ஒரு துவைகல், ஒரு மூன்று சக்கர சைக்கிள் வண்டி. கரையான்சாவடி மெயின் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நான் தொழில் ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது அவ்வளவுதான். இன்று ஆளுயர மெஷின் நான்கு, பாய்லர் ஒன்று, துணி பிழியும் மெஷின் இரண்டு, வேன் மூன்று, முப்பது பேருக்கு மேல் ஆட்கள். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணி மஞ்சளாகிவிடும், இங்கே ஆஸ்பத்திரி சலவை நடக்காது என்று படித்தவர்கள் சொன்னார்கள். தண்ணீரின் உப்பை எடுக்கிற தொட்டியை நானே நின்று கட்டி, நடத்திக் காட்டினேன். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை ஒன்பது ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் என்னிடம்தான் வருகின்றன. படித்தது ஐந்தாவது வரை. நாங்கள் தலைமுறையாக நெல் போட்ட குடும்பம், நிலம் போன பிறகு நான் இந்தத் தொழிலுக்குப் போனதும் பங்காளி வீட்டில் ஒருவர் கல்யாணப் பந்தியிலேயே கேட்டார்: "இன்னாபா, ஊர்ல கீற ரத்தத்தையெல்லாம் நம்ப தெருவுக்கு இஸ்துகினு வர்றியாமே." இலையில் கை வைத்தபடியே சொன்னேன், "ஆமா, நாளைக்கு நீ படுக்கப் போற பெட்ஷீட்டும் என்னாண்டதான் வரும்." வந்தது. அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள். யார் வந்தாலும் காட்டுவேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் நான் கட்டியிருக்கிறேன். அது ஒரு நர்சிங் காலேஜின் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் போஸ்டிங் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நர்ஸ் படிப்பு படிக்கிற பெண்களைப் பாதி நாள் வகுப்பிலும் பாதி நாள் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் வைத்துத்தான் பழக்குவார்கள். எந்தப் பெண் எந்த ஆஸ்பத்திரியில், எந்த வார்டில், எத்தனை வாரம் என்று பிரித்து அனுப்புவதற்கு போஸ்டிங் என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டவர்தான் மேடம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையெல்லாம் தேடுவார். ஹாஸ்டல் துணி எடுக்க நான் சனிக்கிழமை தோறும் போவேன். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். முதல் வருஷத்தில் அவர் அறைச் சுவர் முழுக்க சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கும்; மஞ்சள், பச்சை, ஊதா என்று கட்டங்கள். ஒரு பெண்ணுக்கு அம்மை போட்டால் போதும், பாதிச் சுவரைக் கிழித்து ஒட்டுவார். பிறகு ஒருநாள் போனேன், சுவர் வெறுமையாக இருந்தது. மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். "ஆன்லைன் சிஸ்டம் அண்ணாச்சி," என்றார். "ஒரு நிமிசத்துல இருநூறு பிள்ளைங்களையும் பிரிச்சுப் போட்டு, அவங்கவங்க போனுக்கே அனுப்பிரும்."

எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட ஆசையைச் சொல்லி முடியாது. புது மெஷின் எதைப் பார்த்தாலும் மூடியைத் திறந்து பார்க்கிற கை என்னுடையது. இதற்கு மூடியே இல்லை. யாரை எங்கே அனுப்புவது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்கு மூளை உண்டா, இல்லை யாராவது அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறார்களா? மேடம் சிரிக்கவில்லை. கேள்வி கேட்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கமே அவரிடம் கிடையாது. நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆஸ்பத்திரியின் பெயர், எந்த வார்டில் எத்தனை படுக்கை, எத்தனை பெண்கள் என்று நாம் உள்ளே கொடுக்க வேண்டும். படுக்கை அதிகம் இருக்கிற இடத்துக்கு அதிகம் பேர், குறைவான இடத்துக்குக் குறைவான பேர் என்று அது பிரித்துவிடும். போய் முடித்தவர்களுடைய கட்டம் பச்சையாக மாறும். பதிலுக்கு அவரும் ஒருநாள் என் பட்டறைக்கு வந்தார். துணி பிழியும் மெஷின் முன்னால் கால் மணி நேரம் நின்று, ரத்தத் துணியை ஏன் முதலில் பச்சைத் தண்ணீரில் போடுகிறேன் என்று கேட்டார். வெந்நீர் பட்டால் ரத்தக்கறை பிடித்துக்கொள்ளும், பிறகு போகாது. அதனால்தான் ஆஸ்பத்திரிகளிலேயே மூட்டைகளைப் பிரித்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். பிரசவ அறைத் துணிக்குச் சிவப்பு நூல், ஆபரேஷன் தியேட்டருக்கும் எமர்ஜென்சிக்கும் பச்சை நூல், சாதா வார்டுக்கு வெள்ளை. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும் என்பதால், தினமும் எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நூலில் எத்தனை மூட்டை என்று நோட்டில் கோடு போட்டு வைப்பேன். அந்த நோட்டையும் வாங்கிப் பார்த்தார். அன்றைக்கு அது எங்கள் இருவருக்குமே சும்மா ஒரு நோட்டுதான்.

அந்த வருஷம் கடைசி ஆண்டுப் பெண்கள் இருபத்துநான்கு பேர். பரீட்சை எழுத வேண்டுமென்றால் ஒவ்வொருத்தியும் இத்தனை பிரசவம் தன் கையால் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கேஸ் புக்கில் எழுதி வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் பரீட்சை கிடையாது. ஒரு சனிக்கிழமை போனபோது மேடம் அந்த இருபத்துநான்கு புத்தகங்களையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் எல்லாக் கட்டமும் பச்சை. புத்தகத்தில் பாதிக்கு மேல் பக்கங்கள் வெள்ளை. பெண்கள் போகச் சொன்ன இடத்துக்குப் போயிருக்கிறார்கள், சொன்ன நேரம் இருந்திருக்கிறார்கள், குழந்தைதான் பிறக்கவில்லை. புத்தகங்களை ஒப்படைக்க இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது.

காலேஜ் ஆபீஸ்காரர் ஒருவர் வாசலில் நின்றபடி சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். "எழுதிக்கலாம் மேடம். எல்லா எடத்துலயும் நடக்கிறதுதான். யாரு வந்து எண்ணப் போறாங்க?"

மேடம் தலை நிமிரவில்லை. "நாளைக்கு இவ கையில ஒரு பிள்ளை வந்து விழும். அதை இந்த புக்கா சார் பிடிக்கும்?"

அவர் போய்விட்டார். நான் துணி மூட்டையைக் கீழே வைத்தேன். "இன்னா மேடம், எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புனீங்க?" என்று கேட்டேன். ஆவடிப் பக்கம் புதிதாக வந்த பெரிய ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். பிரசவ வார்டில் நாற்பது படுக்கை, அதனால் பதினாறு பேரை அங்கே அனுப்பியிருக்கிறது கம்ப்யூட்டர். பூந்தமல்லியில் இருக்கிற சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பத்தே படுக்கை என்பதால் இரண்டே இரண்டு பேர். மீதிப் பேர் அங்கங்கே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க எங்க மேடம் கொழந்த பொறக்குது? அந்த ஆஸ்பத்திரிலர்ந்து எனக்கு செவப்பு நூல் மூட்ட ரெண்டு நாளைக்கு ஒண்ணு வந்தா பெருசு. பச்ச நூலுதான் வண்டி வண்டியா வருது, அத்தினியும் ஆபரேஷன். நம்ப பூந்தமல்லி சின்ன ஆஸ்பத்திரி கீதே, அங்கர்ந்து டெய்லி மூணு செவப்பு மூட்ட. பத்து படுக்கதான், ஆனா ஒண்ணு கூட காலியாவே இருக்காது."

மேடம் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுதீங்களா, எண்ணிப் பாத்துச் சொல்லுதீங்களா அண்ணாச்சி?"

"நோட்டு வேன்ல கீது."

ஒன்பது ஆஸ்பத்திரிக்கும் ஐந்து மாதத்துக் கோடுகளை அன்று மதியம் முழுவதும் உட்கார்ந்து எண்ணினோம். அவர் வாய்விட்டு எண்ண, நான் விரலை நகர்த்திக்கொண்டே போனேன். ஒரு ஊரில் எங்கெங்கே எத்தனை உயிர் பிறக்கிறது என்று என் அழுக்குத் துணி நோட்டில் இருந்திருக்கிறது. எனக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது. திங்கட்கிழமை மேடம், சிஸ்டம் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவரை வரவழைத்தார். படுக்கை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பிரசவ மூட்டை எண்ணிக்கைக்கு இன்னொரு கட்டம் வேண்டும், இனிமேல் அதைப் பார்த்துத்தான் பிரசவ வார்டுக்குப் பெண்களைப் பிரிக்க வேண்டும் என்றார். அந்தத் தம்பி தயங்கினார். "இந்த நம்பர் எங்கேருந்து வருதுன்னு போடறது மேடம்? ஆஸ்பத்திரி லெட்டர் ஏதாவது இருக்கா?" மேடம் என்னைக் கை காட்டினார். "இவங்க கிட்டேருந்து வருது. ஆஸ்பத்திரிங்க கிட்ட நான் லெட்டர் கேட்டு, அது வந்து சேருறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிரும். கட்டத்தைப் போடுங்க. பொறுப்பு என்னுது." அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் எண்ணிக்கை கொடுப்பேன், அவர் கட்டத்தில் போடுவார், கம்ப்யூட்டர் பெண்களை மாற்றி அனுப்பும். வேலைகளில் எனக்குப் பிடித்த வேலை அது. புத்தகங்களின் வெள்ளைப் பக்கங்கள் நிரம்ப ஆரம்பித்தன. எதிரில் வருகிற பெண்கள் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள்.

ஒரு தப்பும் நடந்தது. அதை மறைத்து எழுதினால் இது எழுத்தே இல்லை. நான்காவது வாரம் திருவேற்காடு பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து சிவப்பு நூல் மூட்டைகள் திடீரென்று இரட்டிப்பாக வந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். "மேடம், அங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டுது" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். ஆறு பெண்களை அங்கே மாற்றினார்கள். ஒரு வாரம் முழுக்க ஆறு பேரும் ஒரே ஒரு பிரசவத்தைத்தான் பார்த்தார்கள், அதுவும் கூட்டமாக நின்று. காரணத்தைக் கண்டுபிடித்தது என் பட்டறையில் துணி பிரிக்கிற அம்மா. பதினைந்து வருஷமாக அந்த வேலையைச் செய்கிறவர். மூட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, இத்த வந்து பாரு. செவப்பு நூலு கட்டிகீது, உள்ள கொழந்த ஏந்துற துண்டு ஒண்ணு கூட இல்ல. அத்தினியும் அடிபட்டவன் துணி."

அந்த ஆஸ்பத்திரியில் பச்சை நூல் தீர்ந்துபோய், எமர்ஜென்சித் துணியையும் கையில் கிடைத்த சிவப்பு நூலிலேயே கட்டியிருக்கிறார்கள். மெட்ரோ வேலையால் ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருந்த நேரம், விழுந்து அடிபட்டவர்களுக்குக் குறைவில்லை. நான் எண்ணியது நூலை. எண்ணியிருக்க வேண்டியது துண்டை. ஒரு குழந்தை பிறந்தால் அதை ஏந்த ஒரு துண்டு; அது பொய் சொல்லாது. "இம்மா நாளா நீ நூலத்தான் எண்ணிகினு இருந்தியா?" என்று அந்த அம்மா கேட்டார். முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் நான், நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேடத்திடம் போய் நேரில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எங்க சார்ட்டுலயும் இப்படித்தான் அண்ணாச்சி. எண்ணுறது ஒண்ணு, நடக்கிறது ஒண்ணு. இனி துண்டை எண்ணுவோம்" என்றார். அன்றிலிருந்து பிரசவ அறை மூட்டைக்குள் இருக்கிற துண்டுகளைத்தான் எண்ணுகிறோம்.

இருபத்துநான்கு பேரில் இருபத்துமூன்று பேர் அந்தப் பரீட்சையை எழுதினார்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு கேஸ் குறைந்துவிட்டது. ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் பெண். திருவேற்காட்டுக்குப் போன ஆறு பேரில் ஒருத்தி. மற்ற ஐந்து பேரும் எப்படியோ ஈடுகட்டிவிட்டார்கள், அவளுக்கு நாள் போதவில்லை. ஆபீஸ்காரர் மறுபடி வந்து நின்றார். மேடம் மறுபடி முடியாது என்றார். ஆறு மாதம் கழித்து அடுத்த பரீட்சையில் எழுதிப் பாஸ் செய்தாள் என்று கேள்விப்பட்டேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் கணக்கால்தான் என்று அவளுக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது.

மேடம் ரிடையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். போன மாதம் காலேஜில் ஒரு விழா. சப்ளையர்களுக்கெல்லாம் கடைசி வரிசையில் நாற்காலி. மேடையில் பெரிய திரை போட்டு, நம் சிஸ்டம் இப்போது வேறு காலேஜ்களுக்கும் போகிறது என்று பெருமையாகக் காட்டினார்கள். எங்கள் கட்டம் வந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி; பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச் சொன்னேன். கல்லூரியின் கள ஆய்வுக் குழு தயாரித்த மதிப்பீடு என்று போட்டிருந்தது. அப்படி ஒரு குழுவை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து மேடத்துக்கு போன் போட்டேன். அந்த வரியை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "நான் சொன்னா இனி யாரு கேக்கா? நீங்க விடாம கேளுங்க அண்ணாச்சி" என்றார்.

கேட்கிறேன். காலேஜ் அந்த வரியை எடுத்துவிட்டு மூன்று பேர் பெயரைப் போட வேண்டும். முதலில் மேடம். அடுத்தது நான். மூன்றாவது, துண்டை எண்ணச் சொன்ன அம்மா. பின்னால் வருகிறவர்கள் நூலை எண்ணி ஏமாறாமல் இருக்க, அந்த ஒரு வாரம் நடந்த தப்பையும் அங்கேயே எழுத வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஆறு மாதம் போனதையும் எழுத வேண்டும், என் பெயரிலேயே. இருபத்துமூன்று பேர் பரீட்சை எழுதியதில் மட்டும் எனக்குப் பங்கு கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன். இருபத்துநான்கு பேருக்கும் கொடுங்கள்.